ஸ்காப்பா ஃப்ளோவில் ஜெர்மன் போர்க்கப்பல்களைப் பார்க்க டைவ் போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரியில் 29 டிகிரி தண்ணீரில் ஸ்கூபா கற்றுக்கொண்டு, வேலைக்காக இங்கிலாந்து வந்து, பிறகு இரண்டு முறை ஸ்காப்பா ஃப்ளோ போய் வந்திருக்கிறேன். அந்தமானிலும் மாலத்தீவிலும் டைவ் பண்ணிய நண்பர்கள் அதைப் பற்றிக் கேட்கிறார்கள், அதுவும் ஏறக்குறைய ஒரே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிடுகிறேன்.

ஸ்காப்பா ஃப்ளோ எங்கே இருக்கிறது? அங்கே என்னதான் மூழ்கிக் கிடக்கிறது?

ஸ்காட்லாந்தின் வடக்கு முனையைத் தாண்டினால் ஆர்க்னி தீவுகள். அந்தத் தீவுகள் வளைத்து நிற்பதால் நடுவில் உண்டான பெரிய இயற்கைத் துறைமுகம்தான் ஸ்காப்பா ஃப்ளோ. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் கடற்படையின் முக்கியத் தளம் இது. இன்று அதன் அடியில் ஏழு பெரிய ஜெர்மன் கப்பல்கள் கிடக்கின்றன. கோனிக், க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம், மார்க்கிராஃப் மூன்றும் பேட்டில்ஷிப்கள், அதாவது கனத்த கவசமும் பெரிய பீரங்கிகளும் கொண்ட போர்க்கப்பல்கள், ஒவ்வொன்றும் 175 மீட்டர் நீளம். கோல்ன், டிரெஸ்டன், கார்ல்ஸ்ரூஹ, ப்ரும்மர் நான்கும் க்ரூஸர்கள், அவற்றைவிடச் சிறிய போர்க்கப்பல்கள். கார்ல்ஸ்ரூஹ சுமார் 25 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது, ஆழமான மார்க்கிராஃப் சுமார் 45 மீட்டரில். மற்றவை இடையில்.

சண்டையில் மூழ்கியவையா?

இல்லை. அவற்றில் இருந்தவர்களே மூழ்கடித்தார்கள். இந்தக் கதை தெரியாமல் டைவ் போனால் பாதிதான் பார்ப்பீர்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் உலகப் போரில் 1918 நவம்பர் 11 அன்று போர் நிறுத்தம் வந்தது. ஜெர்மன் கடற்படையின் பெரிய கப்பல்களை என்ன செய்வது, யாருக்கு எத்தனை என்று வென்ற நாடுகளுக்குள் முடிவாகவில்லை. அதுவரை ஸ்காப்பாவில் நிறுத்தி வைக்கலாம் என்று 74 கப்பல்களை இங்கே கொண்டுவந்தார்கள். பீரங்கிகளைச் செயலிழக்கச் செய்திருந்தார்கள். மாலுமிகள் கரையில் கால் வைக்கக் கூடாது, ஒரு கப்பலிலிருந்து இன்னொன்றுக்கும் போகக் கூடாது, சாப்பாடு ஜெர்மனியிலிருந்துதான் வர வேண்டும். அந்தக் குளிர்காலத்தை அப்படியே கழித்தார்கள். வந்தவர்கள் சுமார் 20,000 பேர். கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்கு அனுப்பப்பட்டு, அடுத்த ஜூனில் 2,000 பேருக்கும் குறைவாகவே மிஞ்சினார்கள்.

தளபதி ரியர் அட்மிரல் லுட்விக் ஃபொன் ராய்ட்டர். கப்பல்களைப் பிரிட்டன் கைப்பற்றிவிடும் என்ற பயம் அவருக்கு இருந்தது. வெளியுலகச் செய்தி அவருக்குச் சில நாள் பழைய செய்தித்தாள்களில்தான் கிடைத்தது. அதில் பார்த்த கணக்குப்படி போர் நிறுத்தம் 1919 ஜூன் 21 நண்பகலோடு முடிகிறது. உண்மையில் கெடு 23 வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. ராய்ட்டரின் ஆட்கள் அதற்கு முன்பே ரகசியமாக வேலையை முடித்து வைத்திருந்தார்கள். கடல் நீர் உள்ளே வரும் வால்வுகளைச் சுலபமாகத் திறக்கும்படி தளர்த்தி, நீர்புகாக் கதவுகளைத் திறந்து வைத்து, சில இடங்களில் தடுப்புச் சுவர்களில் துளையும் போட்டிருந்தார்கள்.

21 காலை காவலுக்கு நின்ற பிரிட்டிஷ் அணி பயிற்சிக்காக வெளிக்கடலுக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் ராய்ட்டரின் கப்பலிலிருந்து ஒரு சைகை. இன்றைய தேதியிட்ட பதினோராவது பத்தி, பெற்றதை உறுதி செய்யவும், அவ்வளவுதான். வெளியாள் பார்த்தால் ஏதோ அலுவலகக் கடிதம் மாதிரி இருக்கும். நண்பகல் வாக்கில் ஃப்ரீட்ரிஷ் டெர் க்ரோஸ என்ற பேட்டில்ஷிப் சாயத் தொடங்கிய பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது. மாலை ஐந்து மணிக்குக் கடைசிப் பெரிய கப்பலான ஹிண்டன்பர்க்கும் போய்விட்டது. மொத்தம் 52 கப்பல்கள் மூழ்கின. அன்று ஸ்ட்ரோம்னெஸ் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஜெர்மன் கப்பல்களைக் காட்ட ஃப்ளையிங் கெஸ்ட்ரல் என்ற படகில் சுற்றுலா கூட்டிவந்திருந்தார்கள். அத்தனையும் அந்தப் பிள்ளைகளின் கண் முன்னால் நடந்தது.

கரைக்கு ஒதுங்கிய படகுகளில் இருந்தவர்கள் மீதும், வால்வுகளை மூட மறுத்தவர்கள் மீதும் பிரிட்டிஷ் வீரர்கள் சுட்டதில் ஒன்பது ஜெர்மானியர்கள் இறந்தார்கள். மார்க்கிராஃபின் கேப்டன் வால்டர் ஷூமானும் அதில் ஒருவர். போரை முறைப்படி முடித்த வெர்சாய் ஒப்பந்தம் கையெழுத்தாக அப்போது ஒரே ஒரு வாரம் பாக்கி.

எம்டன் கப்பலும் அங்கே இருந்தது என்கிறார்களே, நம்ம மெட்ராஸ் எம்டனா?

பெயர் அதுதான், கப்பல் வேறு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போன எம்டன், அதே ஆண்டு நவம்பரில் கொகோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியக் கப்பலான சிட்னியிடம் அடிபட்டு அழிந்தது. அந்த ஒரு ராத்திரி நடந்ததை வைத்து நூறு வருஷம் கழித்தும் நாம் கெட்டிக்காரனைப் பார்த்து “அவன் பெரிய எம்டன்” என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஜெர்மானியர்களும் அந்தப் பெயரை விட மனமில்லாமல் 1916இல் ஒரு புதிய க்ரூஸருக்கு அதையே வைத்தார்கள். அதன் முகப்பில் பழைய எம்டனின் நினைவாக இரும்புச் சிலுவைச் சின்னமும் பொருத்தியிருந்தது.

அந்த இரண்டாவது எம்டன் ஸ்காப்பாவில் இருந்தது. ராய்ட்டர் முதலில் ஃப்ரீட்ரிஷ் டெர் க்ரோஸவில்தான் தங்கியிருந்தார். அங்கே கிளர்ச்சி மனநிலையில் இருந்த மாலுமிகள் ராத்திரியெல்லாம் அவர் அறையின் மேல்தளத்தில் தடதடவென்று நடந்து தூங்கவிடாமல் செய்ததால் 1919 மார்ச்சில் எம்டனுக்கு மாறினார். மூழ்கடிக்கச் சொன்ன சைகை போனது எம்டனிலிருந்துதான். ஆனால் எம்டன் மூழ்காமல் தப்பியது. பிரிட்டிஷார் அதைக் கரைக்கு இழுத்துவந்து தரைதட்ட வைத்துவிட்டார்கள். பிறகு பிரான்ஸுக்குப் போய் அங்கே உடைக்கப்பட்டது. அதனால் எம்டனில் நீங்கள் டைவ் பண்ண முடியாது. ஆனால் கார்ல்ஸ்ரூஹவில் பண்ணலாம். இரண்டும் ஒரே வகையில் கட்டிய சகோதரக் கப்பல்கள். நான் முதன்முதலில் இறங்கியது அதில்தான். இறங்கும்போது மனசில் எங்கள் தாத்தா சொன்ன சென்னைக் கதைதான் ஓடிக்கொண்டிருந்தது.

52 மூழ்கியது என்றால் ஏழுதான் ஏன் மிச்சம்?

மற்றவற்றைத் தூக்கிப் பழைய இரும்பாக விற்றுவிட்டார்கள். 1924இல் எர்னஸ்ட் காக்ஸ் என்ற பழைய இரும்பு வியாபாரி 26 டெஸ்ட்ராயர்களை (சிறிய, வேகமான போர்க்கப்பல்கள்) கடற்படையிடமிருந்து விலைக்கு வாங்கினார். அதற்கு முன் ஒரு படகைக்கூட அவர் கடலிலிருந்து தூக்கியதில்லை. சிறியவற்றை முடித்துவிட்டுப் பெரியவற்றில் கை வைத்தார். மோல்ட்கே என்ற பேட்டில்க்ரூஸர், பேட்டில்ஷிப் அளவே பெரிய ஆனால் வேகமான போர்க்கப்பல், தலைகீழாகக் கிடந்தது. அதன் ஓட்டைகளை அடைத்து, உள்ளே அழுத்தக் காற்றைச் செலுத்தி, காற்றறைகள் வழியாக ஆட்களை உள்ளே இறக்கி வேலை பார்த்து, 1927இல் தலைகீழாகவே மிதக்க வைத்தார்கள். பிறகு அப்படியே தெற்கே ரோஸைத் துறைமுகத்துக்கு இழுத்துப் போனார்கள். கவிழ்ந்த கப்பலின் அடிப்பாகத்தில் குடிசை போட்டு ஆட்கள் தங்கியிருக்க, வட கடலில் இழுத்துப் போவதை நினைத்துப் பாருங்கள்.

காக்ஸுக்குப் பிறகு இன்னொரு நிறுவனம் 1939 வரை தூக்கிக்கொண்டே இருந்தது. ஆழமும் கவசத்தின் கனமும் சேர்ந்து செலவுக்குக் கட்டுப்படியாகாமல் போனவைதான் இந்த ஏழு. இவற்றிலும் பின்னாட்களில் வெடி வைத்து எஞ்சின் அறைகளிலிருந்து செம்பு, பித்தளை எல்லாம் எடுத்திருக்கிறார்கள். நீங்கள் பார்க்கப்போகிற பெரிய பொத்தல்கள் போரில் விழுந்தவை என்று நினைத்துவிடாதீர்கள், பெரும்பாலும் அந்த வெடிகளால் ஆனவை. கொஞ்சம் எஃகையும் எடுத்தார்கள். 1945க்குப் பிறகு அணுகுண்டு வெடிப்புகளால் காற்றில் கதிரியக்கத் துகள்கள் கலந்துவிட்டதால், மிக நுண்ணிய கதிரியக்க அளவீட்டுக் கருவிகளுக்கு அதற்கு முன்பு உருக்கிய எஃகு தேவைப்பட்டது.

கீழே போனால் உண்மையில் என்ன தெரியும்?

நேர்மையாகச் சொல்கிறேன், முதல் முறை பேட்டில்ஷிப்பில் இறங்குகிறவருக்கு ஒன்றும் புரியாது. மூன்றும் கவிழ்ந்து கிடக்கின்றன. மேலே பீரங்கிக் கோபுரங்களும் கட்டுமானமும் அவ்வளவு கனம். அதனால் நீங்கள் பார்ப்பது கப்பலின் அடிவயிறு. பச்சை வெளிச்சத்தில், இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டாத தூரம் வரை ஒரு இரும்பு மலைச்சரிவு. அதன் ஓரமாக இறங்கி அடித்தளத்துக்குப் போனால்தான் ஆச்சரியம். க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்மில் தரைக்கும் மேல்தளத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியில் 30.5 சென்டிமீட்டர் பீரங்கிகள் கிடக்கின்றன. 1916இல் பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகள் மோதிய ஜட்லாண்ட் சண்டையில் சுட்ட அதே பீரங்கிகள். டார்ச்சை அதன் நீளத்துக்கு ஓட்டிப் பார்த்தபோது எனக்கு மூச்சு ஒரு நிமிஷம் நின்றே போனது.

க்ரூஸர்கள் வேறு மாதிரி. பக்கவாட்டில் சாய்ந்து படுத்திருக்கின்றன. மேல்தளம் உங்களுக்கு எதிரே சுவர் மாதிரி நிற்கும். 15 சென்டிமீட்டர் பீரங்கிகள், நங்கூரச் சங்கிலி, படகு தூக்கும் வளைந்த கம்பங்கள், கவசம் போட்ட கட்டுப்பாட்டுக் கோபுரம் என்று ஒவ்வொன்றாக அடையாளம் காணலாம். கோல்ன் இவற்றில் நல்ல நிலையில் இருப்பது. இரும்பு முழுக்க வெள்ளையும் ஆரஞ்சுமாகக் கடல் சாமந்திகளும் மென்பவளங்களும் பூத்துக் கிடக்கும்.

நான் இரண்டாவது பயணத்தில் ஒரு வேலை செய்தேன். ஒவ்வொரு கப்பலின் பக்கவாட்டு வரைபடத்தையும் அச்செடுத்து, அது கிடக்கிற மாதிரியே தலைகீழாகவோ சாய்த்தோ படகுச் சாப்பாட்டு மேசையில் ஒட்டி வைத்து, முந்தின நாள் ராத்திரி அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே கிடைப்பது இருபது இருபத்தைந்து நிமிஷம். அதில் பத்து நிமிஷம் “இது என்ன” என்று யோசிப்பதில் போய்விடக் கூடாது.

தண்ணீர் எவ்வளவு குளிராக இருக்கும்?

குளிர்காலத்தின் கடைசியில் 6, 7 டிகிரி. கோடை முடியும்போது 13, 14. மே மாதம் 9 டிகிரியில் நான் இறங்கியபோது முகத்தில் மூடாத இடமெல்லாம் முதல் ஒரு நிமிஷம் ஊசி குத்துவது போல வலித்தது, அப்புறம் மரத்துப்போனது.

ஆனால் நம் ஊர் ஆட்கள் நினைப்பதுபோல நடுக்கம் பெரிய பிரச்சினை கிடையாது. தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாகக் கடத்துகிறது. பெரிய நடுக்கம் வருவதற்கு முன்பே கவனம் போய்விடலாம், அதற்குத்தான் பயப்பட வேண்டும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாவது பயணத்தில் மூன்றாம் நாள், வாடகைக்கு எடுத்த ட்ரை சூட்டின் (உள்ளே தண்ணீர் புகாத டைவ் உடை) கழுத்து ரப்பரில் சின்னக் கிழிசல் இருந்ததை நான் காலையில் பார்க்கத் தவறிவிட்டேன். ப்ரும்மரில் 34 மீட்டரில் இருக்கும்போது நெஞ்சில் ஈரம் பரவுவது தெரிந்தது. சரி, கொஞ்சம்தானே என்று தொடர்ந்தேன். பத்தாவது நிமிஷம் சிலிண்டரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று மீட்டரைப் பார்த்தேன். முள் எங்கே நிற்கிறது என்று தெரிகிறது, அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியவில்லை. மறுபடி பார்த்தேன், மறுபடியும் அதே. என்னோடு வந்தவர் என் முகத்துக்கு நேரே டார்ச்சை ஆட்டி, கட்டைவிரலை மேலே காட்டி (டைவில் அதற்கு ‘மேலே ஏறு’ என்று அர்த்தம்), என் கையைப் பிடித்துக் கயிற்றுக்குக் கூட்டிப் போனார். படகில் ஏறி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று உறைத்தது. ஈரம் தெரிந்த அந்த நொடியே டைவை முடித்திருக்க வேண்டும்.

ஏழு மில்லிமீட்டர் வெட் சூட் போட்டால் போதாதா?

போதாது. ஆழத்தில் அந்த ரப்பர் நசுங்கி மெலிந்துவிடும், வெதுவெதுப்பும் அதோடு போய்விடும். ஒருநாள் தாக்குப்பிடிக்கலாம், ஒரு வாரம் தினமும் இரண்டு டைவ் முடியாது. குளிர்ந்த உடம்பில் கைகால்களுக்கு ரத்த ஓட்டம் குறைவதால், மேலே வரும்போது நைட்ரஜன் சரியாக வெளியேறாமல் டிகம்ப்ரஷன் நோய் வருகிற வாய்ப்பும் கூடுகிறது.

ட்ரை சூட் கற்றுக்கொள்வது கஷ்டமா?

கஷ்டம் என்று சொல்ல மாட்டேன், பழக வேண்டும். உள்ளே தண்ணீர் வராது, கனமான உள்ளாடை போட்டுக்கொள்வீர்கள், சூட்டுக்குள் காற்று இருக்கும். அந்தக் காற்றுதான் சூடும் தருகிறது, சிக்கலும் தருகிறது. இறங்க இறங்கக் காற்று சுருங்கி சூட் உடம்பைக் கவ்விப் பிடிக்கும், நெஞ்சில் இருக்கிற பட்டனை அழுத்திக் கொஞ்சம் காற்று விட வேண்டும். ஏறும்போது அதே காற்று விரியும், இடது தோள் பக்க வால்வு வழியாக வெளியே விட வேண்டும். அதை மறந்தால், அல்லது தலை கீழே போய்க் காற்றெல்லாம் கால் பக்கம் ஓடிவிட்டால், பலூன் மாதிரி மேலே தூக்கிக்கொண்டு போய்விடும். 36 மீட்டரிலிருந்து அப்படிப் போவது உயிருக்கு ஆபத்து.

அதனால் என் அபிப்பிராயம் இதுதான். ட்ரை சூட்டில் குறைந்தது 25, 30 டைவ் முடிக்காமல் ஸ்காப்பாவுக்குப் பதிவு செய்யாதீர்கள். பிரிட்டனில் தண்ணீர் நிரம்பிய பழைய கல்குவாரிகள் இதற்கென்றே இருக்கின்றன, லெஸ்டர்ஷயரில் உள்ள ஸ்டோனி கோவ் மாதிரி. குளிர்காலத்தில் போனால் ஸ்காப்பாவைவிடக் குளிராக இருக்கும். கனமான கையுறை போட்ட விரலால் கொக்கி மாட்டுவது, மிதவையை விடுவிப்பது, மாஸ்க்கைக் கழற்றி மாட்டுவது எல்லாம் அங்கே யோசிக்காமல் வருகிற அளவுக்குச் செய்துவிட்டால், ஸ்காப்பாவில் கவனத்தைக் கப்பலுக்குக் கொடுக்கலாம்.

ரெகுலேட்டர் உறைந்துபோகும் என்கிறார்கள், உண்மையா?

உண்மை. ரெகுலேட்டர் என்பது சிலிண்டர் காற்றை நாம் மூச்சு விடும் அளவுக்கு அழுத்தம் குறைத்து வாய்க்குத் தரும் கருவி. சிலிண்டரில் அடைத்த காற்று விரியும்போது கடுமையாகக் குளிர்கிறது. சுற்றியுள்ள தண்ணீரும் குளிராக இருந்தால் உள்ளே பனி கட்டி, வால்வு திறந்த நிலையிலேயே மாட்டிக்கொண்டு காற்று நிற்காமல் கொட்டும். இதை ஃப்ரீ ஃப்ளோ என்பார்கள். எனக்கு ஒரு குவாரியில் 5 டிகிரியில் நடந்திருக்கிறது, சத்தமே ஆளைப் பதறவைத்துவிடும். குளிர்நீருக்கென்று செய்த ரெகுலேட்டர் வேண்டும், சர்வீஸ் செய்திருக்க வேண்டும். படகில் நின்றபடி குளிர் காற்றில் அதை வாயில் வைத்து மூச்சு விட்டுச் சோதித்துக்கொண்டே இருக்காதீர்கள், உள்ளே போகிற ஈரம்தான் பனியாகிறது. மாலத்தீவுக்குக் கொண்டுபோகும் ரெகுலேட்டரை அப்படியே கொண்டு வராதீர்கள்.

என்ன சான்றிதழ் வேண்டும்?

அட்வான்ஸ்ட் ஓப்பன் வாட்டர் 30 மீட்டர் வரைதான். கார்ல்ஸ்ரூஹ தவிர மற்ற க்ரூஸர்களின் தரை அதற்கும் கீழே. ஆகவே 40 மீட்டருக்கான டீப் பயிற்சியோ, பிரிட்டிஷ் முறையில் ஸ்போர்ட்ஸ் டைவர் தகுதியோ இருந்தால் நல்லது, கூடவே நைட்ராக்ஸ் (சாதாரணக் காற்றைவிட ஆக்சிஜன் கூடுதலான கலவை) பயிற்சியும். மார்க்கிராஃபை நிதானமாகப் பார்க்க வேண்டுமானால் டிகம்ப்ரஷன் டைவிங், அதாவது ஏறும்போது வழியில் கட்டாயம் நின்று நின்று வர வேண்டிய டைவ், முறையாகக் கற்றிருக்க வேண்டும்.

ஒரு சிலிண்டர் போதுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். மேலே நிமிஷத்துக்கு 20 லிட்டர் மூச்சு விடுகிறவர் குளிரிலும் பதற்றத்திலும் 25 விடுவார். 36 மீட்டரில் அழுத்தம் 4.6 பார், ஆக நிமிஷத்துக்கு 115 லிட்டர். 12 லிட்டர் சிலிண்டரில் 230 பார் அடைத்தால் 2,760 லிட்டர். அதில் 50 பாரை அவசரத்துக்கு ஒதுக்கினால் கையில் இருப்பது 2,160. பத்தொன்பது நிமிஷம்கூட வராது, அதற்குள்தான் இறங்குவதும் ஏறுவதும் நிறுத்தங்களும். உங்களோடு ஜோடியாக இறங்குகிறவருக்கும் சேர்த்து மேலே வரக் காற்று வேண்டும் என்று யோசித்தால் இன்னும் குறையும். அதனால்தான் ஸ்காப்பா படகுகளில் பெரும்பாலானோர் முதுகில் இரட்டைச் சிலிண்டர் இருக்கிறது. கனம்தான், பழகிவிடும்.

நைட்ராக்ஸைப் பொறுத்தவரை 32 சதவீத ஆக்சிஜன் எல்லா இடத்துக்கும் சரிவராது, ஆக்சிஜனின் அழுத்தம் 1.4 பாரைத் தாண்டக் கூடாது என்ற வரம்பில் அது 33 மீட்டர் சொச்சம் வரைதான். 36, 38 மீட்டருக்கு 28 சதவீதம் பொருத்தம்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

ஸ்ட்ரோம்னெஸ்ஸிலிருந்து படகு கிளம்பும். காலையில் ஆழமான கப்பல், மத்தியானம் ஆழம் குறைந்தது. படகோட்டி கப்பல் மேல் கயிறும் மிதவையும் போட்டுக் கொடுப்பார். அந்தக் கயிற்றைப் பிடித்தே இறங்குங்கள். தண்ணீர் தெளிவு நல்ல நாளில் 15 மீட்டர், மோசமான நாளில் 5 மீட்டர்கூட இருக்காது. கயிற்றை விட்டால் 175 மீட்டர் கப்பலையே தவறவிடலாம். முடிந்ததும் கயிற்றுக்கே திரும்பலாம், இல்லையென்றால் மிதவையை மேலே விட்டுவிட்டு அதன் நூலைப் பிடித்து ஏறலாம், படகு உங்களைத் தேடி வரும். நிறைய படகுகளில் லிஃப்ட் இருக்கிறது, முதுகில் நாற்பது கிலோவோடு ஏணி ஏற வேண்டியதில்லை. அப்புறம் சூடான சூப்.

மத்தியான டைவுக்குச் சில நாள் பர்ரா சவுண்டுக்குக் கூட்டிப் போவார்கள். நீர்மூழ்கிகள் நுழையாமல் இருக்க வாயிலை அடைத்து மூழ்கடித்த பழைய சரக்குக் கப்பல்கள் அங்கே உள்ளன. ஆழம் 20 மீட்டருக்கும் குறைவு, தண்ணீர் கண்ணாடி மாதிரி. ஆனால் நீரோட்டம் ஆற்று வெள்ளம்போல ஓடும் இடம் அது. ஏற்றவற்றத்துக்கு நடுவே ஓட்டம் நிற்கிற கொஞ்ச நேரத்தில்தான் இறங்க முடியும். படகோட்டி “இப்போ” என்றால் அப்போதே குதிக்க வேண்டும்.

கப்பலுக்குள்ளே நுழையலாமா?

அதற்கென்று பயிற்சி இல்லாதவர்கள் வேண்டாம். நூறு வருஷத் துரு, மூச்சுக் குமிழி பட்டாலே மேலிருந்து உதிரும். கலங்கினால் கையே தெரியாது. கவிழ்ந்த கப்பலில் தரை கூரையாகவும் கூரை தரையாகவும் இருப்பதால் வழி தெரிந்தவர்களே குழம்புவார்கள். இரும்புத் தகடுகள் ஒவ்வொரு வருஷமும் சரிந்துகொண்டிருக்கின்றன, போன வருஷம் திறந்திருந்த வழி இந்த வருஷம் இருக்காது. வெளியே பார்க்கவே ஒரு வாரம் பத்தாது.

நினைவாக ஒரு சின்னப் பொருளாவது எடுத்து வரலாமா?

கூடாது. இந்த ஏழு கப்பல்களும் 2001 முதல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்கள். டைவ் பண்ணலாம், எதையும் எடுப்பதோ அசைப்பதோ குற்றம். 2019இல் மூன்று பேட்டில்ஷிப்களும் கார்ல்ஸ்ரூஹவும் ஈபேயில் கைமாறின, பேட்டில்ஷிப் ஒன்று 25,500 பவுண்டுக்கு. அப்படி வாங்கியவர்களுக்கும் எடுத்துப்போகிற உரிமை கிடையாது.

சட்டத்தை விடுங்கள், ஒரு பீங்கான் கோப்பை கோல்னின் மேல்தளத்துக்குப் பக்கத்தில் மண்ணில் கிடக்கும்போது அது ஒரு மாலுமி அந்தக் குளிர்காலத்தில் டீ குடித்த கோப்பை. உங்கள் வீட்டு அலமாரிக்கு வந்துவிட்டால் வெறும் பழைய கோப்பை. முன்பு வந்தவர்கள் எவ்வளவோ அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள், அதைப் படகுக்காரர்கள் சொல்லக் கேட்டால் கோபம்தான் வருகிறது.

ராயல் ஓக் கப்பலையும் பார்க்கலாமா?

முடியாது, கேட்கவும் வேண்டாம். 1939 அக்டோபர் 14 அதிகாலை ஜெர்மன் நீர்மூழ்கி யு-47 ஸ்காப்பாவுக்குள் நுழைந்து சுட்ட கப்பல் அது. 835 பேர் இறந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பதினெட்டு வயது நிரம்பாத பையன்கள். அது அவர்களுடைய கல்லறை. 1917இல் வெடித்துச் சிதறிய வான்கார்டும் அப்படித்தான். இரண்டிலும் அனுமதியில்லாமல் டைவ் பண்ணுவது சட்டப்படி தடை. மேலே ஒரு மிதவை மிதக்கும், படகு அதைக் கடக்கும்போது எங்கள் படகில் பேச்சு தானாக நின்றது.

டைவ் பண்ணாத குடும்பத்தைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. ஹோய் தீவில் லைனஸ் என்ற இடத்தில் ஸ்காப்பா ஃப்ளோ அருங்காட்சியகம் இருக்கிறது, கப்பல்களிலிருந்து எடுத்த பொருட்களை அங்கே பார்க்கலாம். பக்கத்திலேயே கடற்படை மயானம். 1919 ஜூன் 21 அன்று இறந்த ஜெர்மானியர்கள் பிரிட்டிஷ் மாலுமிகளுக்குப் பக்கத்திலேயே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். டைவர்களும் காற்று அடித்து டைவ் ரத்தாகிற நாளில் அங்கே போங்கள். ராயல் ஓக் போன பிறகு கிழக்கு வாயில்களை அடைக்கக் கட்டிய சர்ச்சில் தடுப்புகள் மேல் இப்போது சாலை போகிறது. அந்த வேலைக்குக் கொண்டுவந்த இத்தாலியப் போர்க் கைதிகள் இரண்டு தகரக் கொட்டகைகளை இணைத்துக் கட்டிய தேவாலயமும் அந்த வழியில்தான், உள்ளே ஓவியங்களைப் பார்க்கவே போகலாம்.

எப்போது போவது, எப்படிப் போவது?

ஆகஸ்ட், செப்டம்பரில் தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பு. மே மாதம் பாசி பூத்துத் தெளிவு குறையலாம், ஆனால் பகல் நீளம். ஸ்காட்லாந்தின் வட கரையில் உள்ள ஸ்க்ராப்ஸ்டரிலிருந்து ஸ்ட்ரோம்னெஸ்ஸுக்குப் படகில் ஒன்றரை மணி நேரம். சாமான் அதிகம் என்பதால் விமானத்தைவிட அதுதான் வசதி. படகுகள் மாதக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும்.

இறங்குகிற நேரத்தில் மனசு சரியில்லை என்றால்?

இறங்காதீர்கள். யாரும் கேட்க மாட்டார்கள், நல்ல படகில் யாரும் கேட்கக் கூடாது. என் இரண்டு பயணத்திலும், நூற்றுக்கணக்கான டைவ் செய்தவர்கள் முழு உடையோடு நின்றுவிட்டு “இன்னைக்கு வேண்டாம்” என்று உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். உதவிக்கு ஆள் வந்து சூட்டைக் கழற்றிவிட்டு டீ கொடுத்தார், அவ்வளவுதான்.

ஏழில் எதை முதலில் பார்ப்பது?

படகோட்டியே நல்ல வரிசை வைத்திருப்பார். நீங்கள் கேட்டால் செய்வார் என்றால், முதல் நாள் கார்ல்ஸ்ரூஹ, ஆழம் குறைவு, உடையையும் எடையையும் சரிபார்த்துக்கொள்ளலாம். கப்பல் உடைந்து கிடந்தாலும் பீரங்கிகளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள். அடுத்தது டிரெஸ்டன், கோல்ன். கோல்னுக்கு இரண்டு டைவ் ஒதுக்குங்கள், முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று. பேட்டில்ஷிப்களை மூன்றாம் நாளுக்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள், க்ரோன்பிரின்ஸ் வில்ஹெல்ம் முதலில், பீரங்கிகளுக்காக. மார்க்கிராஃப் கடைசியில், அதுவும் அந்த வாரம் முழுக்க உடம்பும் காற்றுக் கணக்கும் ஒத்துழைத்திருந்தால் மட்டும்.